கடலைச் சேரும் காவிரி வீணா?

(ஒசூர்த் தோழர்களிடையே அண்மையில் ஆற்றிய சொற்பொழிவு. கூட்டத்திற்கு வர இயலாத தோழர்களுக்காக எழுத்து வடிவில் இங்கே தரப்படுகிறது.)



கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 3,000 அடி உயரத்தில் இருக்கிறது உங்கள் ஒசூர். கிழக்கே போனாலும் மேற்கே போனாலும் கடலைக் காண ஒரு பகற்பொழுது பயணம் செய்தாக வேண்டும். அப்படிப்பட்ட ஊரில், சிப்காட் ஆலைகளின் சங்கொலிக்கு நடுவே நின்று, கடலோரச் சேற்றில் வளரும் அலையாத்திக் காட்டைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று சொன்னபோது, கூட்டத்திற்கு ஏற்பாடு செய்த தோழர் ஒருவர் சிரித்தேவிட்டார். "அண்ணே, இங்கே மக்கள் கேட்க விரும்புவது மேகதாதுவைப் பற்றி. சேற்று மரத்தைப் பற்றியல்ல" என்றார். நானும் மேகதாதுவைப் பற்றித்தான் பேசப்போகிறேன் என்றேன். அவர் நம்பவில்லை. நீங்களும் முதலில் நம்பமாட்டீர்கள். சற்றுப் பொறுத்துக் கேளுங்கள்.

மேட்டூர் நிரம்புகிறது. உபரி நீர் திறக்கப்படுகிறது. முக்கொம்பில் கொள்ளிடத்து மதகுகள் உயர்கின்றன. உடனே நாம் என்ன செய்கிறோம்? மேடை போடுகிறோம். "வீணாகிறது, வீணாகிறது, பொன்னான காவிரி கடலில் கலந்து வீணாகிறது!" என்று முழங்குகிறோம். எனக்கு நினைவு தெரிந்த நாள் முதல் இந்த வாசகத்தைக் கேட்டு வருகிறேன். கேட்டதோடு நின்றேனா? இல்லை, நானே பலமுறை முழங்கியிருக்கிறேன். சுவரில் எழுதச் செய்திருக்கிறேன். தஞ்சைத் தரணியில் ஒரு கூட்டத்தில் அதைச் சொல்லி நான் பெற்ற கைத்தட்டல் இன்னும் என் காதில் இருக்கிறது. அன்று கைதட்டியவர்களுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். ஏனெனில் அன்று நான் சொன்னது பிழை.

வெள்ளம் வருமுன் ஏரி குளங்களைத் தூர் வாராமல், கால்வாய்க் கரைகளைக் கட்டாமல் விட்டுவிட்டு, வந்தபின் கையைப் பிசையும் பொறுப்பின்மையைக் கண்டிப்பது வேறு. அதைக் கண்டிக்கத்தான் வேண்டும். யார் ஆட்சியில் இருந்தாலும் கண்டிக்க வேண்டும். ஆனால் கடலைச் சேரும் ஒவ்வொரு துளியும் வீண் என்பது வேறு. முன்னது நிருவாகத்தைப் பற்றிய குற்றச்சாட்டு. பின்னது ஆற்றைப் பற்றிய அறியாமை.

அறியாமை என்றுகூட விட்டுவிடலாம். அரசியலிலும் அது நமக்கே கேடாக முடிகிறது என்பதுதான் இன்று நான் சொல்ல வந்தது. கர்நாடக அரசு மேகதாதுவில் கட்ட விரும்பும் அணையின் கொள்ளளவு 67.16 டி.எம்.சி. அதில் 400 மெகாவாட் மின்சாரம் எடுப்பதும் பெங்களூருக்குக் குடிநீர் தருவதும் நோக்கங்கள் என்கிறார்கள். அந்த அணைக்கு ஆதரவாக அங்கே அடுக்கப்படும் வாதங்களில் முன்வரிசையில் நிற்பது எது தெரியுமா? "தமிழ்நாட்டுக்கு உரிய பங்கை நாங்கள் தொடப்போவதில்லை, மழை மிகுந்த ஆண்டுகளில் அங்கே போய்க் கடலில் வீணாகும் நீரைத்தான் தேக்கப்போகிறோம்" என்பதுதான். தோழர்களே, அந்தச் சொல் எங்கிருந்து போயிற்று? நம் மேடையிலிருந்து போயிற்று! நம் வாக்குமூலத்தை நம் கையாலேயே எழுதி எதிர்த்தரப்பு வழக்கறிஞரிடம் கொடுத்துவிட்டு, நீதிமன்றத்திலே நின்று நாம் நியாயம் கேட்கிறோம்.

உங்கள் மாவட்டத்து அளவுகோல்

அஞ்செட்டி மலைக்காட்டைத் தாண்டிப் போனால், காவிரிக் கரையில் பிலிகுண்டுலு என்னும் சிற்றூர் இருக்கிறது. கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊர் அது. கரையிலே நீர்மருத மரங்கள். நீரிலே முதலையும் நீர்நாயும். சுற்றிலும் யானை நடமாடும் காடு. 2014ஆம் ஆண்டு காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்ட காட்டுப்பகுதி அது. அந்தச் சிற்றூரில்தான் மத்திய நீர் ஆணையத்தின் அளவை நிலையம் இருக்கிறது. கர்நாடகம் எவ்வளவு நீர் விட்டது என்ற வழக்கிலே சாட்சி சொல்லும் அளவுகோல் டில்லியில் இல்லை, சென்னையில் இல்லை; உங்கள் மாவட்டத்தில் இருக்கிறது. 1991ஆம் ஆண்டு நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணை மேட்டூரை அளவிடமாகக் கொண்டது. 2007ஆம் ஆண்டு பிப்ரவரி 5ஆம் நாள் வந்த இறுதித் தீர்ப்புத்தான் அதைப் பிலிகுண்டுலுவுக்கு மாற்றியது.

அந்தத் தீர்ப்பை நம்மில் எத்தனை பேர் கடைசி வரி வரை படித்திருக்கிறோம்? காவிரிப் படுகையில் கிடைக்கக்கூடியது 740 டி.எம்.சி. என்று நடுவர் மன்றம் கணக்கிட்டது. 2018ஆம் ஆண்டு பிப்ரவரி 16ஆம் நாள் உச்ச நீதிமன்றம் திருத்தியபின் தமிழ்நாட்டுக்கு 404.25, கர்நாடகத்துக்கு 284.75, கேரளத்துக்கு 30, புதுச்சேரிக்கு 7 என்று பங்கு நின்றது. நமக்கு 14.75 டி.எம்.சி. குறைந்தது என்று நாம் கொதித்தோம்; அந்தக் கொதிப்பு நியாயமானது. ஆனால் கூட்டிப் பாருங்கள். நான்கு பங்கையும் கூட்டினால் 726தான் வருகிறது. மீதி 14 எங்கே?

அதுவும் தீர்ப்பிலேயே இருக்கிறது. சுற்றுச்சூழல் பாதுகாப்புக்காக 10 டி.எம்.சி.; தவிர்க்க முடியாமல் கடலுக்குப் போவதாக 4 டி.எம்.சி. உச்ச நீதிமன்றம் மற்றப் பங்குகளை மாற்றியபோதும் இந்தப் பதினான்கை மாற்றவில்லை. ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி. லிட்டர்க் கணக்கில் சொன்னால் 2,831 கோடி. அப்படிப் பதினான்கு. பெரிய தொகையாகத் தோன்றும். ஆனால் 740இல் இது நூற்றுக்கு இரண்டுகூட ஆகவில்லை. ஆற்றுக்கென்று, ஆறு போய்ச் சேரும் கடற்கரைக்கென்று, நாகரிக மனிதன் ஒதுக்கியது அவ்வளவுதான்! ஆறு தந்த நீரில் ஆற்றுக்கே நூற்றுக்கு இரண்டு வீதம் இல்லை.

அந்தப் பத்து டி.எம்.சி. எப்படி வரவேண்டும் என்பதும் தீர்ப்பின் மாத அட்டவணையில் தெரிகிறது. பிப்ரவரி, மார்ச், ஏப்ரல், மே ஆகிய நான்கு மாதங்களில் மாதத்துக்கு 2.5 டி.எம்.சி. வீதம் பிலிகுண்டுலுவில் வந்து சேர வேண்டும். ஜூன், ஜூலை மாதத்து நீருக்கு நாம் போராடுகிறோம், ஆர்ப்பாட்டம் நடத்துகிறோம், மறியல் செய்கிறோம். இந்தக் கோடை மாதத்து இரண்டரையைப் பற்றி ஒரு துண்டறிக்கையாவது அச்சிட்டோமா? இந்த எண்ணை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அதற்கு வருகிறேன்.

ஆற்றோடு கடல் வரை

பிலிகுண்டுலுவைக் கடந்த நீர் ஒகேனக்கல்லில் பாறைகளுக்கு இடையே விழுகிறது. அங்கிருந்துதான் 2013 முதல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் வழியாகக் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களுக்குத் தண்ணீர் ஏறி வருகிறது. நிலத்தடி நீரில் புளோரைடு மிகுந்து, பல்லில் கறையும் எலும்பில் நோயுமாக வாடிய மக்களுக்கு அது உயிர்நீர். ஆகவே ஒசூருக்கும் காவிரிக்கும் உறவு உண்டா என்று யாரும் கேட்கவேண்டாம். உங்கள் வீட்டுக் குடத்திலேயே உறவு இருக்கிறது.

பிறகு மேட்டூர். 1934இல் கட்டி முடிக்கப்பட்ட அணை, 93.47 டி.எம்.சி. கொள்வது. அடுத்து முக்கொம்பு. அங்கே ஆறு இரண்டாகிறது. தென்கிளை காவிரியாகக் கல்லணைக்குப் போய் வெண்ணாறாகவும் இன்னும் பல ஆறுகளாகவும் பிரிந்து வயல்களுக்குள் நுழைகிறது. வடகிளையாகிய கொள்ளிடம் அணைக்கரையைக் கடந்து, சிதம்பரத்துக்குத் தெற்கே கடலைத் தேடிப் போகிறது.

கொள்ளிடத்தின் கழிமுகத்துக்கும் வெள்ளாற்றின் கழிமுகத்துக்கும் இடையே இருப்பது பிச்சாவரம். ஏறத்தாழ 1,100 ஹெக்டேர் பரப்பில், தீவுகளும் கால்வாய்களுமாகக் கிடக்கும் அலையாத்திக் காடு. 1975இல் வந்த 'இதயக்கனி' படத்தில் பார்த்திருப்பீர்கள். படகு ஏறிச் சுற்றுலாவும் போயிருப்பீர்கள். 2022ஆம் ஆண்டு அது ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. தெற்கே, நீடாமங்கலத்தில் வெண்ணாற்றிலிருந்து பிரியும் பாமணியாறும் கோரையாறும் பிற ஆறுகளும் தஞ்சை வயல்களின் வடிநீரையும் சுமந்துகொண்டு சென்று சேரும் இடத்தில் இருக்கிறது முத்துப்பேட்டை. தமிழ்நாட்டின் மிகப்பெரிய அலையாத்திக் காடு அது. 2021ஆம் ஆண்டின் இந்திய வன நிலை அறிக்கைப்படி நாடு முழுவதும் அலையாத்திக் காட்டுப் பரப்பு 4,992 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டில் இருப்பது 45! ஆயிரம் கிலோமீட்டர் நீளக் கடற்கரை வைத்திருக்கிறோம் என்று பெருமை பேசும் நம்மிடம் இருப்பது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை.

நமக்கு இந்த மரங்கள் அயலல்ல. சங்கப் புலவர்களின் நெய்தல் பாட்டிலே கண்டல் வருகிறது. சிதம்பரத்தின் பழம்பெயர் தில்லை. அந்தத் தில்லை என்பது ஓர் அலையாத்தி மரத்தின் பெயர். பாலைக் கண்ணில் பட விட்டால் பார்வையையே கெடுக்கும் மரம். ஒருகாலத்தில் அந்த மரக்காடு ஊருக்குப் பெயர் கொடுத்தது. இன்று அந்த மரத்தைக் காண ஊரைவிட்டுப் பிச்சாவரத்துக்குப் போக வேண்டும்.

அலையை ஆற்றுவதால் அலையாத்தி என்கிறார்கள். அது எப்படி உயிர் வாழ்கிறது என்பதைச் சற்றுச் சொல்லவேண்டும். தொழிற்சாலைத் தோழர்கள் இயந்திரத்தின் நுட்பத்தை ரசிக்கத் தெரிந்தவர்கள், இதையும் ரசிப்பார்கள்.

கழிமுகத்துச் சேற்றில் காற்று இல்லை. எந்த மரத்தின் வேரும் அங்கே மூச்சு முட்டிச் சாகும். கண்டல் என்ன செய்கிறது? வேரைக் கீழ்நோக்கி மட்டும் விடாமல் மேல்நோக்கியும் விடுகிறது. சேற்றிலிருந்து விரல் விரலாக ஆயிரக்கணக்கில் வேர்கள் எழுந்து நிற்கும். நீர் வடிந்த நேரத்தில் அவற்றின் நுண்துளை வழியே மரம் மூச்சு விடும். சுரபுன்னை வேறு வழி கண்டது. தண்டிலிருந்து வளைந்து இறங்கும் தாங்கு வேர்களால், காலூன்றி நிற்கும் பந்தலைப்போல் நிற்கிறது. விதையை அது விதையாக விடுவதில்லை. சேற்றிலே விழுந்த விதையை அலை அடித்துக்கொண்டு போய்விடும் அல்லவா? ஆகவே மரத்திலேயே முளைக்க வைத்து, முருங்கைக்காய்போல் நீண்ட நாற்றாக்கி, பிறகுதான் கீழே விடுகிறது. உப்பையும் சமாளிக்கிறது, சில மரங்கள் வேரிலேயே வடிகட்டிவிடும், கண்டலோ உள்ளே வந்த உப்பை இலை வழியாக வெளியேற்றும். இலையை நாவில் வைத்துப் பாருங்கள், கரிக்கும்.

ஆனால் இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். உப்பைத் தாங்கும் மரம் என்றால் உப்பை விரும்பும் மரம் என்று பொருளல்ல! வடிகட்டுவதற்கும் வெளியேற்றுவதற்கும் மரம் தன் சக்தியைச் செலவிடுகிறது. கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு இருக்கும். ஆற்றுநீர் வந்து கலந்தால் உப்புத் தணியும், மரம் தழைக்கும், இளநாற்று வேர் பிடிக்கும். ஆற்றுநீர் வராமல், கோடை வெயிலில் தேங்கிய நீர் ஆவியாகிப் போனால், கழிமுகத்து நீர் கடலைவிடக் கரிக்கும். அப்போது மென்மையான மரவகைகள் ஒவ்வொன்றாக விடைபெறும். எதையும் தாங்கும் வெண்கண்டல் மட்டும் மிஞ்சும். முத்துப்பேட்டையில் இன்று இருப்பது பெரும்பாலும் அந்த ஒரே மரம். பார்ப்பவர்கள் "பசுமையாகத்தானே இருக்கிறது" என்பார்கள். பல சாதி மரங்கள் நின்ற காடு ஒற்றை மரக் காடாகியிருப்பது படகில் போகும் கண்ணுக்குத் தெரியாது.

அந்தக் காட்டினால் மனிதனுக்கு என்ன பயன் என்று கேட்பீர்கள். உதிரும் இலை சேற்றில் மக்கி, நுண்ணுயிருக்கு இரையாகி, அது இறால் குஞ்சுக்கும் நண்டுக்கும் உணவாகிறது. கடலில் பொரிக்கும் இறால் குஞ்சு கழிமுகத்துக்குள் வந்து, இந்த வேர்களின் நிழலில் வளர்ந்து, மறுபடி கடலுக்குப் போகிறது. அங்கே வலை வீசுபவன் பிடிக்கிறான். காவிரி கொண்டுபோன நீரும் வண்டலும் இங்கே மீனாக மாறுகின்றன. வயலில் நெல்லானால் விளைச்சல், கடலில் மீனானால் வீண் என்று கணக்கு எழுதியவன் எவன்? கடற்கரையில் வாழ்பவன் இந்த நாட்டின் குடிமகன் அல்லனா? காவிரியில் அவனுக்குப் பங்கில்லையா?

பிச்சாவரத்தை அடுத்து இருளர் மக்கள் வாழ்கிறார்கள். அவர்களில் பலருக்கு வலையும் படகும் கிடையாது. கழுத்தளவு நீரில் இறங்கி, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிப்பார்கள். பிடித்ததைப் போடும் பறியைப் பல்லால் கவ்விக்கொண்டிருப்பார்கள். உங்கள் தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி மலைகளிலும் இருளர் இருக்கிறார்கள். ஒரே ஆற்றின் மேல்முனையில் அந்த மக்களில் ஒரு பகுதியினர், கடல்முனையில் மற்றொரு பகுதியினர். இரண்டிடத்திலும் நிலமில்லாதவர்கள் அவர்களே. "கடலில் வீண்" என்று நாம் முழங்கும்போது அந்தப் பறியில் விழும் இறாலைத்தான் வீண் என்கிறோம் என்பது அன்று எனக்குத் தோன்றவில்லை.

வெட்டியவர் யார், பழி யாருக்கு?

இந்தக் காடுகள் அழிந்த கதையும் அரசியல் கதையே. வெள்ளையர் காலத்து வனத்துறை, காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, முறைவைத்து மொட்டையாக வெட்டியது. விறகுக்காக! விடுதலைக்குப் பிறகும் 1970கள் வரை அந்த முறை தொடர்ந்தது. வெட்டிய இடத்தில் சேறு வெயிலில் காய்ந்து தாழ்ந்தது, தட்டுப்போல் குழிந்தது, ஏற்றத்தில் நுழைந்த கடல்நீர் வற்றத்தில் வெளியேறாமல் தேங்கியது, உப்பு ஏறியது. அதன்பின் மரம் முளைக்கவில்லை. பழி மட்டும் மாடு மேய்த்தவன்மீதும் சுள்ளி பொறுக்கியவள்மீதும் விழுந்தது. 1990களில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் வனத்துறையோடும் ஊர் மக்களோடும் சேர்ந்து ஆராய்ந்தபோதுதான் நோயின் வேர் தெரிந்தது. மருந்து எளிமையானது: மீன் முள்ளைப்போல் நடுவே ஒரு பெரிய கால்வாயும் இருபுறமும் சிறு கிளைக் கால்வாய்களும் வெட்டி, நீர் வந்து போக வழி செய்தார்கள். வழி கிடைத்ததும் நாற்று வேர் பிடித்தது. கால்வாயைத் தூர்ந்துபோக விட்டால் பழைய குழி மறுபடியும் வரும். ஆண்டுக்காண்டு செய்யவேண்டிய வேலை அது. நாடா வெட்டித் திறந்துவைக்கும் வேலையன்று. அதனால்தானோ என்னவோ அமைச்சர்களுக்கு அதில் ஆர்வம் குறைவு!

1990களில் இறால் பண்ணைகள் கடலோரத்தை விழுங்கத் தொடங்கின. தஞ்சை மண்ணின் சர்வோதயத் தலைவர் எஸ். ஜகந்நாதன் உச்ச நீதிமன்றம் சென்றார். 1996ஆம் ஆண்டு டிசம்பரில் தீர்ப்பும் பெற்றார். அவர் நம் கட்சிக்காரர் அல்லர். அதனால் அவருக்குரிய பெருமையைக் குறைத்துச் சொல்லமாட்டேன்.

2004 டிசம்பர் 26 வந்தது. ஆழிப்பேரலை கடலூர், நாகைக் கரைகளைத் துடைத்துப்போன நாள். பிச்சாவரம் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவாக இருந்தது என்று அறிவியலாளர் எழுதினார்கள். வேறு சிலர், அந்த ஊர்கள் கடலிலிருந்து தள்ளியும் சற்று மேட்டிலும் இருந்தன, ஆகவே பெருமை முழுவதையும் மரத்துக்கே தரக்கூடாது என்று வாதிட்டார்கள். அந்த வாதத்தை நான் மறைக்கப்போவதில்லை. மிகைப்படுத்திச் சொல்லிப் பிறகு மாட்டிக்கொள்வது நம் பழைய நோய். காடு அலையின் வேகத்தைக் குறைக்கும் என்பது உறுதி. எந்த அலையையும் தடுத்துவிடும் மதில் அது என்பது மிகை. 2018 நவம்பர் 16ஆம் நாள் கஜா புயல் கரை கடந்தபோது முத்துப்பேட்டைக் காடே முறிந்து விழுந்தது. காயம்பட்ட காடு மறுபடி எழ என்ன வேண்டும்? கால்வாய் வழியே கடல்நீரின் போக்குவரத்தும் ஆற்றின் வழியே நன்னீரும் வேண்டும்.

இப்போது ஆற்றைக் கவனியுங்கள். வெள்ளம் வந்தால் ஒரேயடியாக வருகிறது. 2018 ஆகஸ்டில் முக்கொம்பு மேலணையின் ஒன்பது மதகுகளையே அடித்துக்கொண்டு போயிற்று. சில நாட்கள் கடலே செந்நிறமாகிறது. நாம் "வீண், வீண்" என்று கத்துவது அந்தச் சில நாட்களில். பிறகு? கோடையில் கொள்ளிடம் மணல்வெளி. காட்டுக்கு நீர் தேவைப்படும் மாதங்களில் ஆறு அங்கே வருவதே இல்லை. எந்தக் காலத்தில் காவிரி கடலைச் சேர்ந்துகொண்டே இருந்தது என்று நாம் பதைபதைத்தோமோ, உண்மையில் அது ஆண்டில் பெரும்பகுதி சேர்வதே இல்லை.

உலகம் இதில் நமக்குப் பாடம் வைத்திருக்கிறது. பாகிஸ்தானில் சிந்து நதியை அணைகளும் தடுப்பணைகளும் குடித்துவிட்டன. கோத்ரி தடுப்பணைக்குக் கீழே பல மாதங்கள் நீர் போகவில்லை. அலையாத்திக் காடு சுருங்கியது. கடல் ஏறி வந்தது. தட்டா, பதின் மாவட்டங்களில் விளைநிலம் உவர்நிலமாயிற்று. சிந்து மாகாண மக்கள் கடலுக்கு நீர் விடு என்று உரிமைக் குரல் எழுப்பினார்கள். 1991இல் மாகாணங்களுக்கிடையே ஏற்பட்ட நீர் உடன்பாட்டிலேயே அந்தக் கோரிக்கை இடம்பெற்றது. மேட்டு மாகாணம் "கடலில் வீண்" என்று சொல்ல, கடைமடை மாகாணம் "இல்லை, எங்கள் உயிர்" என்று சொல்லும் வழக்கு அது. காவிரியில் கடைமடை நாம். நாமோ மேட்டு மாகாணத்தின் வசனத்தைப் பேசிக்கொண்டிருக்கிறோம்!

உழவன் கேட்கும் கேள்வி

டெல்டாவிலிருந்து வந்து இங்கே ஆலைகளில் பணிபுரியும் தோழர்கள் இந்தக் கூட்டத்தில் இருப்பீர்கள். உங்கள் தந்தையாரும் அண்ணன்மாரும் ஊரில் ஜூன் 12ஆம் நாளை எதிர்பார்த்து மேட்டூரைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர்களிடம் போய், "மரத்துக்குத் தண்ணீர் விடவேண்டும்" என்று சொன்னால் என்ன சொல்வார்கள்? "நாற்று கருகுகிறது, உனக்குச் சேற்று மரமா பெரிது?" என்பார்கள். கேட்க வேண்டிய கேள்வி. அதற்கு விடை சொல்லாமல் காட்டைப் பற்றி உருகிப் பேசுவது ஏமாற்று வேலை.

விடை இதுதான். வயலுக்கும் காட்டுக்கும் போட்டி இருப்பதாக நினைப்பது மேலோட்டமான கணக்கு. முத்துப்பேட்டைக்குப் போகும் நன்னீரில் பெரும்பகுதி வயலைக் கடந்து வடியும் நீர். வயலுக்கு நீர் வந்த ஆண்டில்தான் காட்டுக்கும் வருகிறது. வயல் காய்ந்த ஆண்டில் காடும் காய்கிறது. ஆறு வற்றினால் உப்புநீர் ஆற்றுவழியாகவும் நிலத்தடி வழியாகவும் உள்ளே ஏறுகிறது. கடைமடைக் கிணறு கரிக்கிறது என்று புலம்பும் உழவனும், கழிமுகம் கரித்து இறால் குறைந்தது என்று புலம்பும் மீனவனும் ஒரே வழக்கின் இரண்டு வாதிகள். நான் கேட்பதும் உழவனின் 404.25இலிருந்து அல்ல, தீர்ப்பே தனியாக எடுத்துவைத்த 10ஐ. அது அவன் பங்கில் கைவைக்காது.

ஆற்றில் நீர் போனால் மட்டும் போதுமா? எந்த நீர் போகிறது என்றும் கேட்கவேண்டும். இது உங்கள் வாசலில் நடப்பது. நந்தி மலைப்பக்கம் பிறக்கும் தென்பெண்ணை, பெங்களூரின் கழிவுநீரையும் ஆலைக்கழிவையும் சுமந்துகொண்டு எல்லை தாண்டி உங்கள் ஊருக்குள் வருகிறது. கெலவரப்பள்ளி அணையில் மதகு திறந்தால் மலைபோல் நுரை பொங்கிச் சாலைவரை ஏறுவதை ஆண்டுதோறும் பார்க்கிறீர்கள். துர்நாற்றம் தாங்காமல் மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்துபோகிறீர்கள். அந்த ஆறு கிருஷ்ணகிரி அணை, சாத்தனூர் அணை கடந்து, பிச்சாவரத்துக்கு வடக்கே கடலூர்க் கடலில் சேர்கிறது. கர்நாடகத்தைக் குறை சொல்வது எளிது, சொல்லவும் வேண்டும். ஆனால் இந்தக் கரையில் இருக்கும் நம் ஆலைகளின் கழிவு எந்த ஓடையில் இறங்குகிறது என்று அந்த ஆலைகளில் வேலை செய்யும் தோழர்களுக்குத்தான் தெரியும். தொழிற்சங்கக் கூட்டத்தில் போனசுக்கு அடுத்த பொருளாக அதையும் ஒருநாள் எழுதிக்கொள்ளுங்கள்.

மேகதாதுவை நாம் எதிர்க்கிறோம், எதிர்ப்போம். ஆனால் எதிர்ப்புக்கு நாம் சொல்லும் காரணம் ஒழுங்காக இருக்கவேண்டும். "கடலுக்குப் போகும் நீர் வீண், அதை நாங்களே தேக்கிக்கொள்கிறோம், நீ தேக்காதே" என்று வாதிட்டால் வழக்கு யார் தேக்குவது என்பதாகச் சுருங்கிவிடும். "கடலுக்குப் போகும் நீருக்கும் உரிமையாளர் உண்டு, கடைமடை உழவனும் கடலோர மீனவனும் கழிமுகக் காடும் அதன் உரிமையாளர், அந்த உரிமை தீர்ப்பிலேயே எழுதப்பட்டிருக்கிறது" என்று வாதிட்டால் வழக்கு வேறாகிறது. ஆகவே இனி நம் சுவர்களில் அந்தப் பழைய வாசகத்தை எழுதவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். எழுதியிருந்தால் சுண்ணாம்பு அடித்துவிடுங்கள். என் கைப்பட எழுதச் செய்தவற்றையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

கூட்டம் முடிந்து தேநீர் அருந்திக்கொண்டிருந்தபோது இளந்தோழர் ஒருவர் வந்தார். ஆலையில் பிட்டர் வேலை செய்கிறவர். சொந்த ஊர் திருத்துறைப்பூண்டிப் பக்கம். "அண்ணே, ஒரு கணக்குக் கேட்கலாமா?" என்றார். கேளுங்கள் என்றேன். "பிப்ரவரி முதல் மே வரை மாதம் இரண்டரை டி.எம்.சி. பிலிகுண்டுலுவுக்கு வரவேண்டும் என்றீர்கள். வராவிட்டால் கர்நாடகத்தைக் கேட்கலாம். வந்தபிறகு அது மேட்டூரிலேயே நின்றுவிட்டால், அல்லது வழியிலேயே தீர்ந்துவிட்டால், யாரைக் கேட்பது? பிலிகுண்டுலுவில் அளக்கிறார்கள். கொள்ளிடக் கழிமுகத்தில் யார் அளக்கிறார்கள்?"

மேடையில் ஒரு மணி நேரம் பேசிய நான் அதற்குச் சட்டென்று விடை சொல்லவில்லை. மேட்டூருக்கு வந்தபின் அந்த நீருக்குக் காவலன் பெங்களூரில் இல்லை, சென்னையில் இருக்கிறான். அணைக்கரைக்குக் கீழே கொள்ளிடத்திலும், முத்துப்பேட்டைக்குப் போகும் ஆறுகளிலும், அந்த நான்கு மாதங்களில் எவ்வளவு நீர் போயிற்று என்று மாதந்தோறும் அளந்து மக்களுக்கு வெளியிட வேண்டும் என்று நம் அரசைத்தான் கேட்க வேண்டும் என்றேன். "அப்படியானால் எழுதித் தாருங்கள்; எங்கள் கிளையில் தீர்மானமாகப் போடுகிறோம்" என்றார். அன்றிரவே எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் ரயில் ஏறினேன்.